கீறின படமும் வெறும் பாயும்

தர்மபுரத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் கார்ட்டூன் படம், கையால் வரைந்து கீறின படம், போட்டார்கள். "இது சின்னப்பிள்ளையளின்ர படம், பெரியாக்கள் வெளியில நில்லுங்கோ" என்று செயலாளர் எங்களை விரட்டினார். கீறின படமென்றால் பிள்ளைகளுக்குத்தான் என்று பார்க்காமலேயே கண்டுபிடித்த மேதை.

படத்தில் ஒரு கிழவர் போர் முடிந்து ஊர் திரும்பி, பற்றைக்குள் தன் கிணற்றைத் தேடினார். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பந்தடிக்க ஓடிவிட்டார்கள். யன்னல் கம்பியைப் பிடித்தபடி நாங்கள் கடைசிவரை நின்றோம். போர் முடிந்து திரும்பியபோது நாங்களும் கிணற்றைக் கண்டுதான் எங்கள் காணிகளை அடையாளம் பிடித்திருந்தோம். உள்ளே பிள்ளைகள் விட்டுப்போன வெறும் பாய்களுக்குக் காவலாகச் செயலாளர் மட்டும் கதிரையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொன்னார்: "இந்தப் பிள்ளையள் கொஞ்சம் வளர்ந்திட்டினம். அடுத்தமுறை இன்னும் சின்னப்பிள்ளையளைக் கூப்பிடுவம்."