மூன்றாவது சிலிண்டர்

"சேச்சி, ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். வண்டி ஆஃப் ஆனா மட்டும் சாவியைத் திருப்புங்க" என்றான் மெக்கானிக் பிரதீஷ்.

விஜி ஓட்டுநர் இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வேலனின் பிக்கப், பிரதீஷின் ஷெட் வாசலில், நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் செருப்பைத் தாண்டி அவள் உள்ளங்காலில் ஏறியது. பக்கக் கண்ணாடியில் தெரிந்த கொச்சியின் தோப்பும்படிப் பாலம் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியது. ஓடும்போது இந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் பாடு.

மட்டாஞ்சேரி பஜாரில் நிற்காமல் முடியுமா? சந்தில் முன்னால் ஒரு லாரி மூட்டை இறக்கும். அது நகரும்வரை எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளாக வேலனின் வண்டி அங்கே குலுங்கிக் குலுங்கி அணைந்துபோனது.

"எந்தா வேலா, வண்டிக்கு ஜுரமா? சுக்குக் கஷாயம் போட்டுக் கொடேன், பின்னாலதான் சுக்கு மூட்டை மூட்டையா இருக்கே!" என்று சுமைக்காரர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சிரிக்கவில்லை. ஹாரன் அடித்தார்கள். மிளகு மண்டிக்காரர் வேறொரு வண்டியை அழைத்துக்கொண்டார்.

வேலனின் அப்பாவும் அவருடைய அப்பாவும் நகரசபையில் குப்பை அள்ளியவர்கள். எந்த ஊரிலிருந்து, எந்தக் காலத்தில் கொச்சிக்கு வந்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எதற்காகக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அப்பா இறந்தபோது அந்த வேலை வேலனைத் தேடி வந்தது. "சர்க்கார் சம்பளத்தை எவனாவது வேண்டாம்னு சொல்வானாடா?" என்று அம்மா சரோஜம்மா அழுதாள், திட்டினாள், சோறு போடமாட்டேன் என்றாள். அவன் அசையவில்லை. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் தினமும் மூக்கைப் பிடித்துக்கொள்வானாம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அதை விஜியிடம் சொல்லியிருக்கிறான்.

அவன் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவரிடம் அடி வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டான். பிறத்தியார் வண்டியில் உழைத்து உழைத்து, கடைசியில் இந்தப் பழைய பிக்கப்பைச் சொந்தமாக்கினான். அதன்பிறகுதான் தெருவில் நிமிர்ந்து நடந்தான் என்று விஜிக்குத் தோன்றும்.

இப்போது குப்பை எடுக்கும் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். குப்பை வண்டிக்கு டிரைவர் வேண்டும். சனிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் போனில் பதில் சொல்ல வேண்டும். "ஓட்டுறதுதானே?" என்று விஜி மெதுவாகக் கேட்டாள். வேலன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். இன்று சனிக்கிழமை.

வேலன் பக்கத்தில் நிற்க, பிரதீஷ் ஸ்பேனரால் முதல் சிலிண்டருக்குப் போகும் டீசல் குழாயைத் தளர்த்தினான். எஞ்சின் சட்டென்று தடுமாறியது. "இது வேலை செய்யுது." இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினான். அதுவும் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது டீசல் வழிந்தது. ஆனால் எஞ்சின் எப்போதும்போல நடுங்கியது, அவ்வளவுதான். விஜியின் காலுக்குக் கூட வித்தியாசம் தெரியவில்லை.

"தே, பாருங்க, இதுதான் வேலை செய்யாம சும்மா இருக்கு" என்றான் பிரதீஷ்.

வேலன் முகம் தெளிந்தது. "டீசல் பீச்சுற நாசில்தான் போயிருக்கும். நான் அப்பவே சொன்னேனில்ல?"

"நோக்கிடலாம் வேலண்ணா. மூணாவது நாசிலைக் கழற்றி முதல்ல மாட்டறேன், முதல்ல இருக்கறதை மூணுல. நாசில்தான் கேடுன்னா, கேடு அதுகூடவே முதல் சிலிண்டருக்குப் போகும். போகலைன்னா..." அவன் முடிக்கவில்லை.

மாற்றி மாட்டி, மறுபடி வண்டியைக் கிளப்பினார்கள். முதல் குழாயைத் தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதற்கு ஒரு சலனமும் இல்லை. கேடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பிரதீஷ் கையைத் துடைத்துக்கொண்டான். "வேலண்ணா, வண்டிக்குள்ள வெள்ளம் எங்கயாவது ஏறிச்சா?"

"இல்ல."

"எஞ்சினுக்குள்ள தண்ணி போனா ஒரே ஒரு சிலிண்டர் இப்படி..."

"இல்லன்னு சொல்றேனில்ல!"

விஜி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கும்பளங்கியில ஏறிச்சு. வேலியேற்றத்துல கடல்தண்ணி ஏறி ரோடு முழுக்க நின்ன அன்னிக்கு. உள்ள இருந்த மிதியடியெல்லாம் சேறு. நான்தான் கழுவினேன்."

வெளியாள் முன்னால் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. வேலன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"பின்னால பஸ்காரன் ஹாரன்ல கையை வச்சவன் எடுக்கல" என்றான். "நடுத்தண்ணியில நின்னுபோச்சு. ஸ்டார்ட் பண்ணாம என்ன பண்ணுவேன்? இறங்கித் தள்ளவா?"

"தள்ளியிருக்கணும். உள்ள தண்ணி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டன் ராடு வளைஞ்சுபோகும்" என்றான் பிரதீஷ். திட்டுவது போல அல்ல, துக்கம் விசாரிப்பது போல. "எஞ்சினை இறக்கிப் பிரிக்கணும். இந்தப் பழைய வண்டிக்கு அது கட்டுபடியாகாது, அண்ணா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"நாசிலைத் திரும்ப மாத்திப் பாரு."

"மாத்தியாச்சே."

"இந்தத் தடவை நாலாவதோட மாத்து. ஒரே ஒரு தடவை."

பிரதீஷ் விஜியைப் பார்த்தான். வண்டியின் நிழல் அதன் அடியிலேயே சுருங்கியிருந்தது; உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. முதலில் மேஸ்திரிக்குப் போன் பண்ணுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் ஏற்கெனவே ஒன்றைச் சொல்லிவிட்டாள். இரண்டாவதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பிரதீஷ் அவசரப்படாமல் கழற்றினான், மாட்டினான். பள்ளிவாசலில் மதியப் பாங்கு கேட்டு ஓய்ந்தது. வேலன் எஞ்சினின் மேல் கவிழ்ந்து, தானே ஸ்பேனரை வாங்கி மூன்றாவது குழாயைத் தளர்த்தினான். டீசல் அவன் விரல்களில் வழிந்தது. எஞ்சின் அதே நடுக்கத்தோடு ஓடியது. பிறகு நட்டை மெதுவாக இறுக்கிவிட்டுப் போனை எடுத்தான்.

மேஸ்திரியின் குரல் விஜிக்கே கேட்டது. "உச்சி வரைக்கும் நோக்கி இருந்தேன் வேலா. நீ விளிக்கலை. டிரைவருக்கு வேற ஆள் ஆயிப்போச்சு. வண்டிக்குப் பின்னால நின்னு குப்பை வாரிப்போட ஒரு ஆள் குறையுது. வரியா?"

வேலன் சட்டையில் விரல்களைத் துடைத்தான். துடைத்த கையைப் பார்த்தான்.

"எங்க வந்து நிக்கணும்?" என்று கேட்டான்.