அட்டையில் ஏறாத தையல்நாயகி

பத்மஜாவுக்குக் கோபம் வந்தால் குஷாய்குடா வீட்டில் இழைப்புளிச் சத்தம் கேட்கும். அந்த மாதம் சத்தம் ஓயவே இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். மரவேலையை ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். சுதந்திரத்துக்கு முன்பு, பக்கத்து ராணுவ முகாம் ஊரான போலாரத்தில் வாழ்ந்த சிவஞானம் எழுதியது என்றது அட்டை. படங்களில் ரம்பம் பிடித்த கை எல்லாம் இடது கை. பத்மஜாவும் இடது கைக்காரி. அதனாலேயே அந்தப் புத்தகத்தின்மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

ஊரிலிருந்த சிறிய தமிழ் வாசகர் வட்டம் அதை மறுபடி அச்சிடப் போனது. ஆசிரியரின் வாழ்க்கையைக் கொஞ்சம் எழுதித் தரும்படி செயலாளர் வைத்தியநாதன் அவளைக் கேட்டார். சிவஞானத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. போலாரத்துப் பழைய ராணுவக் குடும்பங்களிடம் விசாரித்து விசாரித்து, கடைசியில் அவருடைய மகள் மங்கையர்க்கரசியைக் கண்டுபிடித்தாள். எண்பதைத் தாண்டியவர், நினைவு தெளிவாக இருந்தது.

"அப்பாவா? ராணுவ ஸ்டோர்ல கிளார்க். சுவத்துல ஆணி அடிக்கணும்னாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்."

"அப்போ புத்தகம்?"

"எழுதினது அம்மா. படம் போட்டதும் அம்மா. அவங்களுக்குப் பீச்சாங்கைப் பழக்கம்."

தையல்நாயகி வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். வயிற்றில் பிள்ளை இருந்தபோது தொட்டில் கேட்டார், கணவர் சிரித்தார். ராணுவ பாரக்ஸில் தூக்கிப்போட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து தானே அறுத்துத் தொட்டில் செய்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் புத்தகமாக எழுதினார். பொம்பளை எழுதிய தச்சுப் புத்தகத்தை எவன் வாங்குவான் என்றார் பதிப்பாளர். சரி, என் பெயரைப் போடுங்கள் என்றார் கணவர். பாராட்டுக் கூட்டத்தில் மாலை அவர் கழுத்தில் விழுந்தது. தையல்நாயகி பின்கட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

பத்மஜா நேராக வைத்தியநாதனிடம் போனாள்.

"அட்டை அச்சாயிடுச்சே மேடம். முன்னுரையில 'துணைவியார் ஒத்துழைப்புடன்'னு ஒரு வரி சேர்த்துடலாம்."

"ஒத்துழைப்பா? ஒத்துழைச்சது அவர் சார், திருட்டுக்கு!"

"ஆதாரம் வேணுமில்லையா?"

"அவங்க மக சொல்றாங்க. படத்துல எல்லாம் இடது கை. இன்னும் என்ன சார் வேணும்?"

"குடும்பத்து விஷயத்தை மேடையில ஏத்தாதீங்க மேடம்" என்று எழுந்துவிட்டார்.

பத்மஜா எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டாள். வெளியீட்டு விழாவுக்கு மங்கையர்க்கரசியைத் தன் ஸ்கூட்டரிலேயே அழைத்துப் போனாள். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள "ஆசிரியரின் மகள்" என்று மேடைக்கு அழைத்தார்கள். அந்த அம்மாள் அட்டையை ஒரு முறை பார்த்தார்.

"நக்கோ, வேணாம். இதை நான் வாங்க மாட்டேன்."

கூட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று விழித்தது.

"எழுதினவங்க மகள்னுதானே கூப்பிட்டீங்க? எழுதினது எங்கம்மா தையல்நாயகி. அவங்க பேரைப் போட்டுக் கொண்டாங்க, வாங்கிக்கறேன்."

"வயசானவங்க, உணர்ச்சிவசப்படறாங்க" என்றபடி வைத்தியநாதன் மைக்கை வாங்கப் பார்த்தார். அதற்குள் பத்மஜா மேடையேறி அதைப் பிடுங்கிக்கொண்டாள். தொட்டிலில் தொடங்கி காபி வரைக்கும் சொல்லி முடித்துத்தான் இறங்கினாள். அன்றைக்கு ஒரு பிரதியும் விற்கவில்லை.

வாசகர் வட்டம் வேறு அட்டை போட்டது. இரண்டு பெயர்கள், கணவர் பெயர் முதலில். பத்மஜா திருப்பி அனுப்பினாள். அடுத்த அட்டையில்தான் தையல்நாயகி தனியாக வந்தார்.

அந்தப் பிரதியைப் போலாரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மங்கையர்க்கரசி பெயரைத் தடவிப் பார்த்தார்.

"கதவு, ஜன்னல் பத்தி இன்னொண்ணும் எழுதினாங்க. படமெல்லாம் முடிச்சு வெச்சிருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் அத்தனையையும் வெந்நீர் அடுப்புல போட்டுட்டாங்க. ஏம்மான்னு கேட்டேன். இதுக்கும் உங்கப்பா பேரைத்தானே போடுவாங்கன்னு சொன்னாங்க."

வெற்றி பெற்றுவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள பத்மஜாவுக்கு வாயே வரவில்லை. யார்மீது பாய்வது? பதிப்பாளர் உயிரோடு இல்லை, சிவஞானமும் இல்லை. வீடு திரும்பிய பிறகும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை; இழைப்புளியை எடுத்தாள்.