அனாஃபரா சார்

அவருக்கு 'த'வும் 'ப'வும் எதிரிகள். அந்த எழுத்துகளில் தொடங்கும் சொல் வாயில் வந்தால் நாக்கு சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்ளும். அதனால் சின்ன வயசிலேயே சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் "குடிக்க ஏதாவது" என்பார். மனைவியின் பெயரும் 'ப'வில்தான் தொடங்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் "இந்தாம்மா" ஆகிவிட்டாள்.

கவிதையை உரக்கப் படிக்கும்போது மட்டும் திக்காது. தாளம் கிடைத்துவிட்டால் நாக்கு தானாக ஓடும். அதை நம்பித்தான் ஆங்கில இலக்கியம் படித்து, உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பாடம் நடத்தும்போது முக்கால்வாசியைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். ஆசிரியர் கூட்டத்தில் சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டுவார், அவர் படிப்பார்.

ஒரு வருஷம் பத்தாம் வகுப்புக்கு அணிகள் நடத்தினார். சிமிலி, மெட்டஃபர், ஐரனி என்று வரிசையாகப் போய், அனாஃபராவுக்கு வந்தார். அடுத்தடுத்த வரிகள் ஒரே சொல்லில் தொடங்குவதுதான் அனாஃபரா. அந்த வாரமே மாடிப்படியில் ஏறும்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய், அனாஃபரா வருதுடி!"

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டில் சொன்னதும் மனைவி கொதித்துப்போனாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லுங்க. நாலு பேரைக் கூப்பிட்டுக் கண்டிச்சாத்தான் அடங்குவாங்க."

"வேணாம், இந்தாம்மா. நான் நடத்துனது அவங்களுக்குச் சரியா விளங்கலை. அதான் எனக்கு உறுத்துது."

"உங்களைக் கேலி பண்ணியிருக்காங்க, நீங்க மார்க் போடறீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பாதிதான் உண்மை.

மறுநாள் வகுப்பில் கேட்டார். "அனாஃபரான்னு எனக்குப் பே... பே... பேர் வச்சது யாரு?"

ஜன்னலோரம் இருந்த ரெட்டைச் சடைக்காரி எழுந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. "நான்தான் சார். மன்னிச்சிடுங்க."

"அது இருக்கட்டும். அனாஃபரான்னா என்ன?"

சொன்னாள்.

"நான் முழுச் சொல்லையா தி... தி... திருப்பிச் சொல்றேன்?"

"இல்ல சார். முதல் எழுத்தை மட்டும்."

"அப்ப?"

"அலிட்டரேஷன்," என்றது பின்வரிசை. அவரும் அந்தப் பதிலைத்தான் மனசில் வைத்திருந்தார். ரெட்டைச் சடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுத்தாள்.

"அதுவும் இல்ல சார். அலிட்டரேஷனுக்கு ஒரே எழுத்துல தொடங்கற வேற வேற சொல் வேணும். சார் ஒரே சொல்லுலதான் நிக்கறீங்க."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"சரிதான். இதுக்குப் பு... புத்தகத்துல பே... பேரே இல்ல," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வகுப்பும் தயங்கித் தயங்கிச் சிரித்தது. அவருக்கு வலிக்காமல் இல்லை. ஆனாலும் தான் தவறவிட்டதை அவள் பிடித்துவிட்டாளே என்ற நிறைவும் கூடவே இருந்தது.

பட்டப்பெயர் போகவில்லை. ஆசிரியர் அறைவரைக்கும் வந்து குடியேறிவிட்டது. பரீட்சையில் அனாஃபரா பற்றிய கேள்வியை மட்டும் ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் கணக்கு வாத்தியார் வழக்கம்போல் சீட்டுக்குக் கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை, எழுந்து நின்றார். பத்தாம் வகுப்பு அறையில் ஃபேன் ஓடவில்லை என்பதுதான் விஷயம். 'பத்தாம்' என்ற சொல்லிலேயே நெடுநேரம் நின்றார். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் இருமினார். "கிளாஸ் டென்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை. சொல் வந்ததும் மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஃபேனைப் பழுது பார்க்கச் சொல்வதாகத் தலைமையாசிரியை குறித்துக்கொண்டார்.