கொழுப்பு மேடம்

கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வைத்ததும் எல்லோரும் கரண்டியை எடுப்பார்கள். கொழுப்பு மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அதைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்துவிடுவார். கரைந்து பாலாக ஓடினால் முகம் மலரும். கால் மணி நேரம் ஆகியும் அசையாமல் நின்றால், விரலால் தொட்டுத் தேய்த்து, "மெழுகு மாதிரி வழுக்குது பாரு" என்பார். அதற்குள் விருந்தில் பாதிப் பேர் கை கழுவிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. பாலிலும் வெண்ணெயிலும் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து எழுதுவதால்தான் உடன் வேலை செய்பவர்கள் தன்னை அப்படி அழைக்கிறார்கள் என்று நம்புகிறார். நம்பிவிட்டுப் போகட்டும்.

ஐஸ்கிரீம் வகைகளை உறவுமுறை வைத்துத்தான் விளக்குவார். "ஜெலாட்டோ, ஐஸ்கிரீமுக்குக் கூடப் பொறந்த அண்ணன். காத்து கம்மி, அதான் ஆளு கனம். ஃப்ரோசன் யோகர்ட், தயிர் வழியில அத்தை பொண்ணு. சோர்பே வெறும் பழமும் தண்ணியும். சொந்தமே கிடையாது, பக்கத்து வீடு." இதுவரை குரல் சாந்தமாக இருக்கும். "இந்த ஃப்ரோசன் டெசர்ட் இருக்கே! பால் கொழுப்புக்குப் பதிலா எண்ணெயை ஊத்திக்கிட்டு, குடும்ப போட்டோவுல வந்து நடுவுல நிக்குது!" அதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். "விக்கட்டும். சொந்தப் பேர்ல விக்கட்டும்."

இதனால் போன சிநேகிதம் கொஞ்சநஞ்சமல்ல. மாடி வீட்டுப் பிறந்தநாளில், கேக்கோடு வந்த ஐஸ்கிரீமுக்குத் தீர்ப்புச் சொல்லிக் குழந்தையை அழ வைத்தார். தெருமுனைக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே ஃப்ரீசர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த வாய்க்குப் பெரிய சோதனை. மகள் கட்டிக்கொள்ள விரும்பும் பையனின் வீட்டுக்கு முதல்முறையாகப் போனார்கள். "அம்மா, உன் கால்ல வேணா விழறேன். ஐஸ்கிரீம் குடுத்தா சாப்பிடு, அவ்வளவுதான். நீ வாயைத் திறந்தே, என் கல்யாணம் நின்னுடும்" என்று வாசலிலேயே கெஞ்சியிருந்தாள் மகள்.

பையனின் அம்மா டப்பாவோடு வந்து பரிமாறினார். "எங்க வீட்ல சுத்தமான பால் ஐஸ்கிரீம் தவிர வேற எதுவும் நுழையாது, சம்பந்தி!"

மேடத்தின் கண் டப்பாவின் அடியோரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே எறும்பளவு எழுத்தில், 'ஃப்ரோசன் டெசர்ட்.'

தீர்ப்பு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசைக்கடியில் மகள் அவர் காலை மிதித்தாள். மேடம் அவசரமாக ஒரு வாய் விழுங்கினார். மேலண்ணத்தில் எண்ணெய் படிந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சை முடிவுக்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை. பெற்ற தாயின் வாய்க்கா இவ்வளவு பயம் என்று மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. மீதியை மளமளவென்று வழித்துச் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பையனின் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "ரொம்ப நல்லாருக்கே! என்னென்ன போட்டிருக்கான்னு பாப்போம்" என்று டப்பாவை எடுக்கக் கை நீட்டினார்.

மேடம் முந்திக்கொண்டு டப்பாவை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார்.

"இந்த ஐஸ்கிரீம் இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க, சம்பந்தி" என்று ஒரு கையால் கிண்ணத்தை நீட்டினார். மறு கையின் கட்டைவிரல் அந்தச் சின்ன எழுத்துகளின் மேல் அழுந்தியிருந்தது.