மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு வீட்டுக் கதவு

பினாங்குக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். சாப்பிட, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு. போன மாதம் ஒரு சனிக்கிழமை போனது என் கல்லூரித் தோழி ரோஸ்லினுக்காக. வாரம் முழுக்க நச்சரித்தாள்: "தெருவுல ஒண்ணு நடிச்சுக் காட்டப் போறேன். நீ பக்கத்துல இருந்தா போதும்லா."

நான் ஈப்போவில் அரசுப் பள்ளி ஆசிரியை. இதற்கெல்லாம் போகலாமா என்று வெள்ளிக்கிழமை வரை முடிவெடுக்க முடியவில்லை. "போட்டோல மட்டும் விழுந்திடாத" என்றார் கணவர். தொப்பியும் முகக்கவசமும் எடுத்துக்கொண்டேன்.

காலை 7.10 ரயில், டிக்கெட் 34 மலேசிய வெள்ளி. 9.10க்குப் பட்டர்வொர்த். நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் பெரிப் படகு ஏறுமிடம் பத்து நிமிட நடை, டிக்கெட் 2 வெள்ளி. எல்லோரும் கடலைப் படமெடுத்தார்கள். எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. அக்கரையில் இறங்கி, ரோஸ்லின் வரச்சொன்ன சுங்கை பினாங்குக்கு 9 வெள்ளியில் ஒரு வாடகைக் கார்.

இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்த வீட்டு வரிசையத்தான் உடைச்சிட்டாங்களே அக்கா. அங்க என்ன பாக்கப் போறீங்க?"

உண்மைதான். தகரவேலி, அதற்குப் பின்னால் செம்மண். ரோஸ்லின் பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்த வீடு அங்கேதான் இருந்தது. நிலம் கைமாறியது, காலி செய்யச் சொன்னார்கள். மாற்று வீடு தீவுக்கு வெளியே, நிபோங் திபாலில் கிடைத்தது. வேலையோ தீவில், தொழிற்சாலையில். இப்போது விடிகாலை 4.45க்கு எழுகிறாள். வீட்டை உடைத்த அன்று வாசற்கதவைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டாளாம். நீலப் பெயின்ட், நடுவில் வீட்டு எண்.

அந்தக் கதவு ஒரு தள்ளுவண்டியில் கட்டிக் கிடந்தது. "என் வீட்டுக்காரருக்குத் திடீர்னு ஷிப்டு போட்டுட்டாங்க" என்றாள் வேலியோரம் காத்திருந்த ரோஸ்லின். "சட்டத்தப் பின்னாலேர்ந்து பிடிக்க ஆள் வேணும். பிடிப்பியா?"

பக்கத்தில் இருப்பது வேறு, பிடிப்பது வேறு. ஆனாலும் தலையாட்டினேன்.

லிட்டில் இந்தியாவிலுள்ள மார்க்கெட் ஸ்திரீட் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். தள்ளிப் போக ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு சிக்னலிலும் யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா என்று கார்களுக்குள் பார்த்துக்கொண்டே போனேன்.

11.40க்கு, ஒரு துணிக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே கதவை நிறுத்தினோம். பதாகை இல்லை, கோஷம் இல்லை. ரோஸ்லின் கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் சாடியோடு நின்றாள். யாராவது தட்டினால் திறப்பாள். "வாங்க, உள்ள வாங்க. உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

முதலில் சிரித்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் தட்டி, நுழைந்து, உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். தெருதான். "வீடு எங்கம்மா?" என்றார்.

"அதான் அண்ணே நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் எழுந்திருக்கச் சற்று நேரமானது. அதற்குப் பின் கதவைத் தட்ட ஒரு வரிசையே கூடிவிட்டது. சீன முதியவர் ஒருவர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு நுழைந்தார். நான் தொப்பியும் முகக்கவசமுமாய்ப் பின்னாலிருந்து சட்டத்தைப் பிடித்திருந்தேன்.

12.15க்குச் சீருடையில் ஒரு மாநகர்மன்ற அமலாக்க அதிகாரி வந்தார். பெர்மிட் இருக்கிறதா என்று மலாயில் கேட்டபடி கைபேசியை உயர்த்திப் படமெடுக்கத் தொடங்கினார். நான் கையை எடுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாக விலகியது. சட்டம் சாய்ந்து ரோஸ்லினின் தோளில் இடித்தது. பூக்கடை அக்கா ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"இவங்ககூட வந்தவங்களா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"இல்ல. டூரிஸ்ட்" என்றேன்.

ரோஸ்லின் என் பக்கம் திரும்பவில்லை. தோளைத் தடவிக்கொண்டே கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து, "முதல்ல தட்டுங்க சார்" என்று மலாயில் சொன்னாள்.

அவர் தட்டவில்லை. கதவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து நின்றார்.

"அன்னைக்கும் இப்படித்தான் வந்தாங்க" என்றாள் ரோஸ்லின், யாரையும் பார்க்காமல். அதிகாரியின் முகம் சிவந்தது. அவள் அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். பிறகொரு நாள் அவளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி எச்சரித்து அனுப்பினார்களாம்.

வண்டியைத் திரும்பத் தள்ளியபோது நான்தான் முன்னால் பிடித்தேன். தொப்பியையும் கவசத்தையும் பைக்குள் போட்டுவிட்டேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் பத்தரைக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு வெயிலும் நெரிசலும் தாங்காது. பெரி துறையிலிருந்து நடந்தாலே பத்து நிமிடம்தான், கார் வேண்டாம். தெருவில் யாராவது இப்படி நடித்துக்காட்டினால், கேட்காமல் முகங்களைப் படமெடுத்துப் போடாதீர்கள். அது சிலருக்கு வேலைப் பிரச்சினை. ஆனால் தட்டச் சொன்னால் தட்டுங்கள், உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.

இதை எழுதியதும் ரோஸ்லினுக்கு அனுப்பினேன். நான் பேசிய அந்த இரண்டு வார்த்தைகள் முதல் பிரதியில் இல்லை. ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: "எல்லாம் சரி. டூரிஸ்ட்னு சொன்னியே, அதையும் போடு."

போட்டிருக்கிறேன்.