கரிச்சான் யாரைக் கொத்தும்

என் அம்மாவுக்குக் கோபமே வராது என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எங்க அக்கா பச்சத் தண்ணி. என்ன சொன்னாலும் தலையாட்டிடும்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அம்மாவின் கோபம் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டிருந்தவள் நான். டம்ளரைக் கழுவாமல் வைத்தால் திட்டு. செருப்பைக் கோணலாக விட்டால் திட்டு. தண்ணீர் கேன் போடுகிறவர் மணியை இரண்டு முறை அடித்துவிட்டால் அவருக்கும் திட்டு, கதவை மெதுவாகத் திறந்ததற்கு எனக்கும் திட்டு.

அம்மா பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். தடித்த ரெக்சின், கடப்பாரை மாதிரி ஊசி, நாள் முழுக்கக் காதைக் கிழிக்கும் மெஷின். நான் மருந்துக் கடையில் இருந்தேன். அப்பா எங்கோ வேறு குடும்பத்தோடு இருந்தார். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. தாத்தா கட்டிய வீட்டில் கீழ்ப்பகுதி மாமாவுக்கு, மாடி எங்களுக்கு.

பங்கு என்னவோ அப்படித்தான். ஆனால் மாமா கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தார். முதலில் எங்கள் படிக்கட்டின் அடியில் அவருடைய வண்டி நின்றது. நாங்கள் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். பிறகு மோட்டார் சுவிட்ச் அவர்கள் சமையலறைக்குள் போய்விட்டது. அத்தைக்கு ஞாபகம் வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். பிறகு மாடிக் கூடத்தில் அவர்களுடைய உடைந்த அலமாரி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா, "போகட்டும், தம்பிதானே" என்பாள். மேலே வந்து கதவைச் சாத்தியதும் என் மேல் விழுவாள்.

தையல் பிரிக்க வேண்டிய பழைய உறைகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாயங்காலம் பால்கனியில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும். எதிரே ஒரு வாகை மரம். அந்த வருஷம் அதில் ஒரு ஜோடி கரிச்சான் கூடு கட்டியிருந்தது. கறுப்பாக, வால் இரண்டாகப் பிளந்த சின்னக் குருவி. ஒருநாள் பருந்து ஒன்று மரத்தை ஒட்டிப் பறந்தது. கரிச்சான் அம்பு மாதிரி கிளம்பிப் போய் அதன் முதுகிலேயே உட்கார்ந்து கொத்தியது. பருந்து தெருமுனை வரைக்கும் தடுமாறிக்கொண்டே ஓடியது. அம்மா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உள்ளங்கை அளவுதான்டி இருக்கு! அந்தத் தடியன் என்னமா ஓடுறான் பாரு!"

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பட்டறையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பால்கனிக்குப் போவாள். வானத்தில் பருந்து எவ்வளவு உயரத்தில் வட்டமடித்தாலும் கரிச்சான் கண்டுகொள்ளாது. மரத்தை நெருங்கினால் மட்டும் விடாது. காகத்துக்கும் அதே மரியாதைதான். கீழே மைனாக்கள் கூச்சல் போட்டுச் சண்டை பிடிக்கும். அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இறகைக் கோதிக்கொண்டிருக்கும். அடுத்த கிளையிலேயே ஒரு புறா கூடு வைத்திருந்தது. அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு சாயங்காலம் அம்மா கேட்டாள்: "அந்தப் புறாவ இது ஒண்ணுமே பண்ணல, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"பருந்து மேல இருக்குற கோபத்த பக்கத்து வீட்டுப் புறா மேல காட்டல."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வீட்டுல அந்தப் புறா நான்தான்."

"வாய மூடு" என்றாள் அம்மா, பழக்கத்தில். பிறகு வெகுநேரம் ரெக்சினிலிருந்து நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அன்றிலிருந்து என்னைத் திட்டுவது குறைந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. நிற்க இடமில்லாமல் அது அவளுக்குள்ளேயே சுற்றுவது எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்தபடி தூங்குவாள்.

அடுத்த வாரம் மாமா மேலே வந்தார். "அக்கா, இந்த பால்கனி சும்மாதானே கெடக்கு. செவுரு வச்சு ஒரு ரூமா எடுத்துக்கலாம்னு இருக்கேன். என் கடைச் சாமான் போட இடமில்ல."

"யோசிக்கலாம்" என்றாள் அம்மா.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் வேலை முடிந்து வந்தபோது பால்கனியில் இடுப்பளவுக்குச் சுவர் எழும்பியிருந்தது. அம்மா பாதி பிரித்து வைத்திருந்த உறைகளை யாரோ சாக்கில் திணித்து மூலையில் வீசியிருந்தார்கள். கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். நேராகப் போய் மேல்வரிசையில் ஒரு செங்கல்லைப் பிடித்து அசைத்தாள். ஈரக் கலவையோடு அது கையில் வந்தது. அடுத்ததையும் பிடுங்கினாள்.

"அம்மா, அம்மா! இன்னும் காயலைங்க!" என்று கத்தினார் கொத்தனார்.

"அதனாலதாங்க இப்பவே எடுக்குறேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போய் டீ குடிங்க."

நானும் சேர்ந்துகொண்டேன். சத்தம் கேட்டு மாமா படியேறி ஓடி வந்தார்.

"அக்கா! பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?"

"அங்கயே நில்லு. இதுக்கு மேல ஒரு படி ஏறாத."

"நேத்து சரின்னுதானே சொன்ன?"

"யோசிக்கலாம்னு சொன்னேன். யோசிச்சிட்டேன்."

"நான் உன் கூடப் பொறந்தவன். என்கிட்டயா இந்தக் கோபம்?"

"உன்கிட்டதான்டா!" அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. தெருவில் போனவர்கள் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். "இத்தன வருஷமா உனக்கு வர வேண்டியத எல்லாம் என் பொண்ணு வாங்கிட்டு இருந்தா! தண்ணிக்கு உன் பொண்டாட்டி மொகத்த நான் பாக்கணுமா? என் வீட்டுப் படியில நான் ஒருக்களிச்சு ஏறணுமா?"

அத்தை கீழேயிருந்து குரல் கொடுத்தாள்: "அண்ணி, நாலு பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும். மறைக்கத்தான் செவுரு வச்சீங்க, இப்ப அதுவும் இல்ல. நல்லாத் தெரியும்."

சுவர் தரைமட்டமாகும் வரைக்கும் அம்மா நிறுத்தவில்லை. நாளைக்கே மோட்டார் சுவிட்சை வெளியே மாற்ற வேண்டும், வண்டியையும் அலமாரியையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் தானே தெருவில் வைப்பதாகச் சொன்னாள். மாமா வந்த படியிலேயே இறங்கிப் போனார்.

எல்லாம் நடந்தது. ஆனால் சும்மா நடக்கவில்லை. சிமெண்டு பட்டு அம்மாவின் விரல்கள் வெந்துபோய், ஊசியைப் பிடிக்க முடியாமல் பட்டறைக்கு விடுப்புப் போட வேண்டியிருந்தது. உறவுக்காரர்கள் போன் போட்டு, பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்றார்கள். "எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, அளந்து வச்சுக்குறேன்" என்று அம்மா போனை வைத்தாள்.

புதிதாகக் கிடைத்த குரலை அடக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் கத்திவிட்டு, வாசல்வரை வந்தவள் சட்டென்று நின்றாள். "அது புறாடி. தப்புப் பண்ணிட்டேன்" என்று திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

மாமா மாதக்கணக்கில் எங்களோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அக்கா, கொஞ்சம் மேல வரலாமா?"

இந்த வீட்டில் அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை. அம்மா வீட்டுத் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இப்ப வேல இருக்கு. சாயங்காலம் வா."

சாயங்காலம் அவர் சட்டை மாற்றி, தலை சீவி, ஏதோ ஆபீசுக்கு வருகிறவர் மாதிரி வந்தார். அம்மா நாற்காலியைக் காட்டினாள். டீ கொடுத்தாள். சிரிக்கவில்லை.

"சொல்லு" என்றாள்.