கதவில் போட்ட குறி

தூத்துக்குடி கடற்கரையில் இருக்கிறது எங்கள் வார்டு. கவுன்சிலர் ஜெசிந்தா முன்பு அங்கன்வாடிப் பணியாளர். ஒரு குழந்தைக்குக்கூடப் போலியோ சொட்டு மருந்து விடுபடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஒரு சொட்டு மருந்து நாளில் காலை, குழந்தை வெளியே போயிருந்த வீடுகளின் கதவுகளில் அவர் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். மறுநாள் திரும்பி வருவதற்கான அடையாளம் அது.

உள்ளூர்ச் செய்தியாளனான எனக்கு அது தெரியாது. ஒரு கதவைப் படமெடுத்து, 'இந்த வீடுகளுக்கு ஏன் குறி?' என்று வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று யாரோ பதில் போட, அரை மணி நேரத்தில் கூட்டம் திரண்டுவிட்டது.

"ஏளா, எங்க வீட்ட இடிக்கவா குறி போடுத?" என்று ஒருவர் துடுப்பை ஓங்கினார்.

"ஏலே, உம் பிள்ளைக்கு மருந்து குடுக்கத்தாம்ல..."

முதல் அடியில் ஜெசிந்தாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது அடி நெற்றியைப் பிளந்தது. கீழே விழுந்தவரை நான்கைந்து பேர் மிதித்தார்கள். மருந்துப் பெட்டி நொறுங்கியது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ஆஸ்பத்திரியில், படம் போட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி? பத்தடி தள்ளித்தான நின்னேன்" என்றார்.

இப்போது சொட்டு மருந்து நாட்களில் அவருக்கு முன்னால் நான் நடக்கிறேன். குறி எதற்கென்று வீட்டாரிடம் நான் சொல்லி முடித்த பிறகுதான் அவர் சாக்பீஸை எடுக்கிறார், இடது கையால்.